விலகி நிற்றலும் விலக்கி வைத்தலும்

2025-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், தன்யூபு ஆற்றின் குறுக்கே உருமேனியாவையும் பல்கேரியாவையும் இணைக்கும் பாலத்தில் வழக்கமான கடவுச்சீட்டுத் தணிக்கை நீங்கியது. அவ்விரு நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியத்துள் கால்வைத்ததோ 2007-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள். வீட்டுக்கு உரியவர் என்று வரவேற்கப்பெற்றவர்கள் இடைகழியைத் தாண்டிக் கூடத்துக்குச் செல்லப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. அதுவும், இன்னும் ஆறு திங்களுக்கு இடையிடையே தணிக்கை இருக்கும் என்னும் ஒட்டுடன் வழங்கப்பட்ட இசைவே.

இந்நிகழ்ச்சியை ஒட்டி ஒரு பழைய குறை மீண்டும் பேசப்படுகின்றது. ஒன்றியத்தில் 27 நாடுகள் உள்ளன. அவற்றுள் யூரோப் பணத்தை வழங்குவன 21. எல்லைத் தணிக்கை நீங்கிய செங்கன் வட்டத்துள் இருப்பன 25. புத்தாக்கக் காப்புரிமத்தில் ஒரு கூட்டு, படைத்துறையில் வேறொரு கூட்டு. ஒரு வீட்டில் இத்தனை அடுப்புகள் எரியலாமா, அனைவரும் ஒரே நடையில் நடந்தாலன்றோ ஒன்றியம் என்று கேட்போர் பலர். இவர்கள் நோயை ஓரிடத்தில் விட்டு வேறோரிடத்தில் தேடுகின்றனர். ஒப்பின்மை ஒன்றியத்தின் நோய் அன்று. அவ்வொப்பின்மையை யார் விரும்பினார், யார்மேல் அது சுமத்தப்பட்டது என்பதில்தான் நலமும் நோயும் உள்ளன.

ஒன்றியம் என்பது ஒன்றுதல் என்னும் வினையடியாகப் பிறந்த சொல். ஒன்றுதலாவது பொருந்துதல், கரைந்துபோதல் அன்று. நீரில் இட்ட உப்பு கரையும். அதனை ஒன்றியது என்பார் இலர். தச்சன் இழைத்துப் பொருத்திய இரு பலகைகளே ஒன்றியவை. அவை பொருந்திய பின்னும் பலகைகளாகவே இருக்கும். ஒன்று தேக்காகவும் மற்றொன்று வேம்பாகவும் இருக்கலாம்.

இன்று அனைவரும் புகழும் எல்லையற்ற போக்குவரவே ஒப்பின்மையில் பிறந்ததுதான். 1985 சூன் 14-ஆம் நாள் இலக்சம்பர்க்கு நாட்டின் செங்கன் என்னும் சிற்றூரில், மோசெல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் அவ்வுடன்படிக்கை கையொப்பமாயிற்று. அன்று கூட்டமைப்பில் பத்து நாடுகள் இருந்தன, கையொப்பமிட்டவை ஐந்தே. ஏனைய ஐந்தும் இசையும்வரை காத்திருக்க வேண்டும் என்று அவ்வைந்தும் எண்ணியிருந்தால், பிரான்சுக்கும் செருமனிக்கும் இடையில் இன்றும் தடுப்புக் கம்பம் நின்றிருக்கும். அவை முன்னே சென்றன. பின்னே நின்றவரை இழுத்துச் செல்லவுமில்லை, இழித்துப் பேசவுமில்லை.

தன் விருப்பால் விலகி நிற்பதன் இலக்கணத்தை அறிய விரும்புவோர் டென்மார்க்கைப் பார்த்தல் வேண்டும். 1992 சூன் 2-ஆம் நாள் அந்நாட்டு மக்கள் மாசுதிரிக்டு உடன்படிக்கையை வாக்கெடுப்பில் மறுத்தனர். மறுத்தோர் 50.7 விழுக்காட்டினர். அன்று உறுப்பு நாடுகள் பன்னிரண்டு. பன்னிரண்டும் ஏற்றாலன்றி உடன்படிக்கை நடைமுறைக்கு வாராது. ஐம்பது இலக்கத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகையுடைய சிறு நாடொன்று முப்பது கோடிக்கு மேற்பட்ட மக்களின் தேரை நிறுத்திவிட்டது என்று பாரிசிலும் பான் நகரிலும் முணுமுணுத்தனர். ஆயினும் வழி காணப்பட்டது. அவ்வாண்டு திசம்பரில் எடின்பரோவில் கூடிய தலைவர்கள், பொதுப்பணம், படைத்துறை, காவல்துறையும் முறைமன்றமும் பற்றிய கூட்டு, ஒன்றியக் குடியுரிமை ஆகிய நான்கிலும் டென்மார்க்குக்கு விலக்களித்தனர். 1993 மே திங்களில் மக்களை மீண்டும் கேட்டபோது 56.7 விழுக்காட்டினர் இசைந்தனர்.

அதன் பின்னும் கேட்பது நிற்கவில்லை. 2000-இல் யூரோவை ஏற்கலாமா என்று கேட்கப்பட்டது, 53.2 விழுக்காட்டினர் வேண்டா என்றனர். 2015-இல் முறைமன்றக் கூட்டின் விலக்கைத் தளர்த்தலாமா என்று கேட்கப்பட்டது. அதற்கும் வேண்டா என்பதே விடை. 2022 பிப்பிரவரியில் உருசியா உக்கிரைன்மேல் படையெடுத்தபின் அதே மக்களிடம் படைத்துறை விலக்கைக் கைவிடலாமா என்று கேட்டனர். சூன் முதல் நாள் 66.9 விழுக்காட்டினர் கைவிடலாம் என்றனர். முப்பது ஆண்டுகள் காத்த விலக்கொன்றைத் தம் கையாலேயே எடுத்து வைத்தனர். நெருக்கியவர் எவரும் இலர். காலம் மாறியதை அவர்களே கண்டனர்.

இவ்விலக்குக்கு விலையே இல்லை என்று சொல்வது பொய்யாகும். டென்மார்க்கின் குரோனே தனிப்பணம் எனினும், யூரோவுக்கு எதிரே இருமருங்கும் 2.25 விழுக்காட்டுக்கு மேல் அசையாதவாறு கட்டப்பட்டுள்ளது. பிராங்குபர்ட்டில் உள்ள ஐரோப்பிய நடுவண் வைப்பகம் வட்டியை உயர்த்தினால் கோப்பன்கேகனும் பெரும்பாலும் உயர்த்தியாக வேண்டும். தாழ்த்தினால் தாழ்த்தியாக வேண்டும். ஆனால் அவ்வட்டியை முடிவு செய்யும் அவையில் டென்மார்க்குக்கு இருக்கையில்லை. பிறர் போடும் தாளத்துக்கு ஆடும் நிலைதான் இது. தாளம் போடும் இடத்தில் அமர வேண்டுமானால் பணத்தைக் கைவிட வேண்டும். பணத்தை வைத்துக்கொள்ள வேண்டுமானால் தாளத்தை ஏற்க வேண்டும். இரண்டையும் நிறுத்துப் பார்த்து அந்நாட்டு மக்கள் ஒன்றைத் தேர்ந்தனர். தேர்ந்தது தவறாகவே இருக்கட்டும், அத்தவறு அவர்களுடையது.

விலக்கு அளித்தால் நாளடைவில் நாடே விலகிப்போகும் என்று அஞ்சுவோர் பிரிட்டனைச் சுட்டுவர். அந்நாடும் பொதுப்பணத்திலும் செங்கனிலும் விலக்குப் பெற்றிருந்தது, 2016-இல் 51.9 விழுக்காட்டு வாக்கால் பிரிவதென முடிவு செய்து 2020 சனவரி இறுதியில் வெளியேறியது. ஆயின் விலக்குகளைப் பெற்ற டென்மார்க்கு ஏன் வெளியேறவில்லை? விலக்கே பிரிவின் வேர் என்றால் இரு மரமும் சாய்ந்திருக்க வேண்டும். பிரிட்டன் செய்தியில் எண்ணத்தக்கது வேறொன்று. காத்துலாந்து மக்களுள் 62 விழுக்காட்டினர் ஒன்றியத்தில் நீடிக்கவே வாக்களித்தனர். ஒன்றியத்தின் ஏட்டில் தனிப்பெயர் இல்லாமையால் அவர்களும் உடன் வெளியேற்றப்பட்டனர்.

இத்தகைய விலகி நிற்கும் உரிமை எல்லார்க்கும் உண்டா? இங்குதான் ஒன்றியத்தின் முதற்கோணல் தெரிகின்றது. உடன்படிக்கை எழுதும்போது உள்ளே இருந்தவர்களுக்கே விலக்குக் கிடைத்தது. பின்னர் வந்தவர்கள் எழுதி முடித்த ஏட்டில் கையொப்பமிட்டுத்தான் உள்ளே வர முடிந்தது. யூரோவை ஏற்பதும் அவ்வேட்டில் ஒரு வரி. 1995-இல் வந்த சுவீடனுக்கும் அவ்வரி பொருந்தும். 2003 செப்டம்பரில் சுவீட மக்கள் 55.9 விழுக்காட்டு வாக்கால் யூரோவை மறுத்தனர். சட்டப்படி அம்மறுப்புக்கு இடமில்லை. ஆனால் யூரோவை ஏற்கும் முன் ஈராண்டு ஓர் இடைநிலைப் பொறியமைப்பில் பணமாற்று வீதத்தை நிலைநிறுத்திக் காட்ட வேண்டும் என்பது நெறி; அவ்வமைப்பில் சேர்வது அவரவர் விருப்பம். சுவீடன் அதில் சேரவே இல்லை. சேராமையால் தகுதி பெறவில்லை. தகுதி பெறாமையால் ஏற்க வேண்டியதில்லை. இஃது ஒரு சூழ்ச்சி என்பது எல்லார்க்கும் தெரியும். தெரிந்தும் எவரும் வாய்திறப்பதில்லை. மதிப்புள்ள நாடு செய்தால் சூழ்ச்சியும் நாகரிகமாகிவிடும் போலும்!

பல்கேரியா அவ்வாறு செய்யவில்லை. அதன் பணமான இலெவு 1997 முதல் செருமானியப் பணத்தோடும் பின்னர் யூரோவோடும் கட்டப்பட்டிருந்தது. 2020-இல் இடைநிலை அமைப்பில் சேர்ந்து, 2026 சனவரி முதல் நாள் இருபத்தொன்றாம் நாடாக யூரோவை ஏற்றது. அதற்கு முந்திய மே திங்களில் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தலாம் என முன்மொழிந்தார். உள்ளே வரும்போதே ஒப்பிவிட்ட கடப்பாட்டை மீண்டும் மக்கள்முன் வைத்தல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று கூறி நாடாளுமன்ற அவைத்தலைவர் அதனைத் தள்ளிவிட்டார். யூரோவை ஏற்றது பல்கேரியாவுக்குக் கேடு என்பது இங்குக் கூறப்படவில்லை. பல்லாண்டுகளாக யூரோவோடு கட்டுண்ட பணத்துக்கு அது நன்மையாகவே முடியலாம். ஆயின் டென்மார்க்கினர் தம் பணத்தைப் பற்றி வாக்களிக்கப் பெற்றனர், சுவீடர் பெற்றனர், பல்கேரியர் பெறவில்லை. முன்வந்தவனுக்கு ஒரு முறை, பின்வந்தவனுக்கு ஒரு முறை என்பது பந்தியில் இருக்கலாம். ஒப்புரிமை பேசும் ஒன்றியத்தில் இருத்தல் ஆகாது.

இனி விலக்கி வைத்தலுக்கு வருவோம். செங்கன் வட்டத்துள் சேரத் தேவையான எல்லைக்காவல், தரவேடு, காவல்துறைக் கூட்டு ஆகிய ஆயத்தங்களை உருமேனியாவும் பல்கேரியாவும் நிறைவேற்றிவிட்டன என்று ஒன்றியத்தின் ஆணையம் 2011-லேயே சான்றளித்தது. ஐரோப்பிய நாடாளுமன்றமும் ஒப்பியது. ஆயினும் முன்பே உள்ளே இருக்கும் நாடுகள் அனைத்தும் ஒருமனமாக இசைய வேண்டும் என்பது நெறி. அவ்வாண்டு நெதர்லாந்தும் பின்லாந்தும் இசைய மறுத்தன. ஊழல் ஒழியவில்லை, முறைமன்றங்கள் நேராகவில்லை என்றனர். இக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. அவ்விரு நாடுகளின் முறைமன்றங்களை மேற்பார்க்கவே ஒன்றியம் தனி ஏற்பாடொன்றை 2007 முதல் வைத்திருந்தது. 2023-இல்தான் அது முடிவுற்றது. ஆனால் அவ்வேற்பாடு வேறு, செங்கன் தகுதி வேறு. ஒரு தேர்வில் வென்றவனை மற்றொரு தேர்வின் வினாத்தாளைக் காட்டி நிறுத்தி வைப்பதை எந்தப் பள்ளியும் ஒப்பாது.

2022 திசம்பரில் மீண்டும் கேட்டனர். அன்று குரோவாசியா ஏற்கப்பட்டது. உருமேனியாவையும் பல்கேரியாவையும் ஆத்திரியா மறுத்தது. பல்கேரியாவை நெதர்லாந்தும் மறுத்தது. தன் நாட்டுக்குள் இசைவின்றி வருவோர் பெருகிவிட்டனர் என்பது ஆத்திரியாவின் முறையீடு. அவர்களுள் பெரும்பாலோர் செர்பியா வழியாகவும் அங்கேரி வழியாகவும் வருவோரே, எங்கள் வழியாக வருவோர் அல்லர் என்று உருமேனியா மறுமொழி கூறிற்று. செவிசாய்ப்பார் இல்லை. 2024 மார்ச்சு இறுதியில் வானூர்தி நிலையங்களும் துறைமுகங்களும் மட்டும் திறக்கப்பட்டன. வானில் பறப்பவனுக்குத் தடையில்லை. தரையில் சரக்குந்து ஓட்டுபவன் மட்டும் எல்லையில் பல மணி நேரம் வரிசையில் நின்று, அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கிக்கொண்டிருந்தான். ஒன்றியத்தில் உறுப்பே அல்லாத நோர்வே நாட்டான் செங்கனில் மட்டும் சேர்ந்திருந்தமையால் தடையின்றிப் போய்வந்தான். உறுப்பு நாட்டான் நின்றான்; அயல் நாட்டான் நடந்தான்.

இதே பதினெட்டு ஆண்டுகளில் அயர்லாந்தும் செங்கனுக்கு வெளியேதான் இருந்தது, இன்றும் இருக்கின்றது. அந்நாட்டில் எவரும் இதனை மானக்கேடாகக் கருதுவதில்லை. பிரிட்டனோடு தமக்குள்ள பொதுப்போக்குவரவு ஏற்பாட்டைக் காக்க, வட அயர்லாந்து எல்லையில் தடுப்புக் கம்பம் முளைக்காமல் இருக்க, அவர்களே வெளியே நிற்க விரும்பினர். இருவர் நிலையும் ஏட்டில் ஒன்றே, செங்கனில் இல்லை என்பது. ஒருவனோ திண்ணையில் காற்று வாங்க அமர்ந்திருந்தான். மற்றவனை உள்ளே விடாமல் திண்ணையில் அமர்த்தியிருந்தனர்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அது விலகி நிற்றலும் அன்று, விலக்கி வைத்தலும் அன்று. நெறிக்கு உள்ளே இருந்துகொண்டே நெறியை மீறி, தண்டாமல் போய்விடுதல். யூரோ நாடுகளின் வரவுசெலவுப் பற்றாக்குறை மொத்த ஆக்கத்தில் மூன்று விழுக்காட்டைத் தாண்டலாகாது என்னும் வரம்பை வற்புறுத்தியது செருமனியே. முதலில் அவ்வரம்பை மீறி அகப்பட்ட போர்ச்சுகல் செலவைச் சுருக்கித் துன்புற்றது. பின்னர்ச் செருமனியும் பிரான்சும் தொடர்ந்து மீறின. 2003 நவம்பரில் அவ்விரு நாடுகள்மேல் எடுக்க வேண்டிய நடவடிக்கையை அமைச்சர் மன்றம் நிறுத்தி வைத்தது. அடுத்த ஆண்டு ஒன்றியத்தின் முறைமன்றம் அம்முடிவைச் செல்லாதென்றது. அதற்கடுத்த ஆண்டில் வரம்பு பற்றிய நெறிகளே தளர்த்தப்பட்டன. 2016-இல் ஆணையத்தின் தலைவராக இருந்த இழான் குலோது யுங்கரிடம், பிரான்சுக்கு மட்டும் ஏன் இவ்வளவு இளக்கம் என்று கேட்டபோது, அது பிரான்சு என்பதால் என்றார். ஒளிவின்றிப் பேசியமைக்கு அவரைப் பாராட்டலாம்.

கிரேக்கத்துக்கு அவ்விடை கிடைக்கவில்லை. அந்நாட்டு ஆட்சியாளர் கணக்கைத் திரித்துக் காட்டியது குற்றமே. ஆனால் 2015 சூலை 5-ஆம் நாள் கடன் கொடுத்தோரின் கட்டளைகளை 61 விழுக்காட்டினர்க்கு மேல் மறுத்து வாக்களித்தபோது, வைப்பகங்களின் கதவு மூடியிருந்தது. முதியோர் ஓய்வூதியத்துக்கு வரிசையில் நின்றனர். எட்டே நாளில் அவ்வரசு கட்டளைகளை ஏற்றது. டென்மார்க்கின் ‘வேண்டா’ ஓர் உடன்படிக்கையைத் திருத்திற்று. கிரேக்கத்தின் ‘வேண்டா’ எட்டு நாள் வாழ்ந்தது.

அப்படியாயின் ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டாததை மறுத்துக்கொண்டே இருக்கலாமா என்று ஒரு வினா எழும். 2023 திசம்பரில் உக்கிரைனுக்கு ஒன்றியம் அளிக்க இருந்த 5,000 கோடி யூரோ உதவியை அங்கேரி தன் ஒரு மறுப்பால் நிறுத்தியது. 2024 பிப்பிரவரி முதல் நாள்தான் அது விடுபட்டது. இதனைக் காட்டி, மறுப்புரிமையையே பறிக்க வேண்டும் என்று பெரிய நாடுகள் பேசுகின்றன. 1965 சூலை முதல் ஆறு திங்கள் தன் நாற்காலியை வெறுமையாக விட்டு, பெரும்பான்மை வாக்குக்குக் கட்டுப்பட மாட்டேன் என்று முதன்முதலில் அடம்பிடித்தது சிறு நாடு அன்று; தெகாலின் பிரான்சு. மறுப்புரிமையில் இருவகை உண்டு. என் வீட்டு விளக்கை எப்போது ஏற்றுவது என்பதை நானே முடிவு செய்வேன் என ஒருவன் சொல்வது ஒன்று. அண்டை வீட்டில் விளக்கேற்ற விடமாட்டேன் என்பது மற்றொன்று. டென்மார்க்கு செய்தது முன்னது. அங்கேரி உக்கிரைனுக்குச் செய்ததும், ஆத்திரியா உருமேனியாவுக்குச் செய்ததும் பின்னது. அங்கேரியைப் பழித்த அளவு ஆத்திரியாவை எவரும் பழிக்கவில்லை என்பதும் எண்ணத்தக்கது.

மொழியிலும் இவ்வொப்பின்மை உண்டு. 1958-இல் வெளிவந்த முதல் ஒழுங்காணையே மொழி பற்றியதுதான். அன்று நான்கு மொழிகள். இன்று இருபத்து நான்கு. ஏறத்தாழ ஐந்து இலக்கம் மக்களே உள்ள மால்ட்டாவின் மொழியிலும் ஒன்றியத்தின் சட்டம் வெளிவருகின்றது. இப்பெருமையை மறைத்தல் தகாது. ஆயினும் காப்புரிமம் என்னும் பொருளீட்டும் துறைக்கு வந்தபோது, ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன் ஆகிய மூன்றே போதும் என்றனர். இசுபெயினும் இத்தாலியும் எதிர்த்தன. அவற்றை வெளியே விட்டு ஏனைய இருபத்தைந்து நாடுகளும் 2012-இல் கூட்டு அமைத்தன. இசுபெயின் இருமுறை முறைமன்றம் ஏறி இருமுறையும் தோற்றது. இத்தாலி 2015-இல் இணங்கி உள்ளே போயிற்று. 2023 சூன் முதல் நாள் காப்புரிமம் நடைமுறைக்கு வந்தபோது இசுபெயின் வெளியேதான் நின்றது. தன் மொழி இல்லாத கூட்டில் தனக்கும் இடம் வேண்டா என்ற அந்நாட்டின் நிலை மதிக்கத்தக்கதே.

மதிப்போடு மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். இசுபானிய மொழிக்காக இவ்வாறு பொங்கிய அரசு, தன் ஆட்சிக்குள் கேட்டலான், பாசுக்கு, கலீசிய மொழிகளைப் பேசுவோர்க்கு ஒன்றியத்தில் நிகரிடம் கேட்டது 2023-இல்தான். அதுவும் நாடாளுமன்றத்தில் கேட்டலான் கட்சிகளின் வாக்கு தேவைப்பட்டபோது. கேட்டலான் பேசுவோர் ஒரு கோடி அளவினர். மால்ட்டா மொழியினரைப்போல் இருபது மடங்கினர். அயரிய மொழியின் வரலாறு இன்னும் நாணத்தக்கது. அயர்லாந்து 1973-இல் சேர்ந்தபோது அதன் அரசே அயரியத்துக்கு முழு இடம் கேட்கவில்லை, 2007-இல்தான் ஆட்சிமொழியாயிற்று, 2022-இல்தான் குறைவற்ற நிலை பெற்றது. வாயில் திறந்திருந்தும் தன் தாயை வெளியே நிறுத்திய பிள்ளையின் செயல் அது.

பல்கேரியர் அவ்வாறு நிறுத்தவில்லை. 2007-இல் அவர்கள் சேர்ந்தபோது, பொதுப்பணத்தின் பெயரை எல்லா மொழியிலும் யூரோ என்றே எழுத வேண்டும் என்று ஆணையமும் நடுவண் வைப்பகமும் வற்புறுத்தின. எங்கள் மொழியில் அது எவ்ரோ; எங்கள் நாவுக்கும் எழுத்துக்கும் அதுவே இயல்பு என்று பல்கேரியா நின்றது. அவ்வாண்டு அக்டோபரில் இலிசுபனில் கூடிய தலைவர்கள் இணங்கினர். 2013 முதல் வெளிவந்த புதுப் பணத்தாள்களில் இலத்தீன், கிரேக்க எழுத்துகளுக்குக் கீழே சிரில்லிய எழுத்தில் எவ்ரோ என்பதும் பொறிக்கப்பட்டது; அப்பணத்தைத் தான் வழங்குமுன் பதின்மூன்று ஆண்டுகள் தன் எழுத்தைப் பிறர் பைகளில் உலவவிட்டது அந்நாடு. 2026 சனவரியில் சோபியா நகரக் கடைகளுக்கு அத்தாள்கள் வந்து சேர்ந்தபோது, 27 நாடுகளின் ஒருமன இசைவை வேண்டி நின்ற கேட்டலான் மொழியின் முறையீடு, 2023 செப்டம்பரிலும் 2025 மே திங்களிலும் தள்ளிவைக்கப்பட்டு, அமைச்சர் மன்றத்தில் முடிவின்றிக் கிடந்தது.